கலிஸ்டோவில் முப்பத்தாறு எழுத்து

நாள் 398 | 09.10 | கேட்பறை

பனி நடுக்கம்: மூன்று, மூன்றும் சின்னது. பம்பு இரண்டு: ஓடுகிறது. வடிகட்டி: மாற்றியாச்சு. காற்று: நூறு சதவீதம். என் பொறுமை: நாற்பது.

இதைக் கண்டெடுக்கப் போகிறவருக்கு வணக்கம். நீங்கள் மனிதரா, இயந்திரமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் கையைக் கழுவிவிட்டுப் புரட்டவும். நான் ராக்கினி, வயது பதினாறு. வியாழனின் நிலாக்களில் ஒன்றான கலிஸ்டோவில், பனிக்கட்டியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கும் கூடு ஏழு என்ற நிலையத்தில் இருக்கிறேன். கூட்டில் மூன்றே குருவி. ஒன்று நான். இரண்டு, அப்பா இன்னாசி, துளைக்கருவி மெக்கானிக், ஊர் தூத்துக்குடி. மூன்று, ஒதியாம்போ அங்கிள், நிலையப் பொறுப்பாளர், ஊர் கென்யாவில் கிசுமு. அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு அவர் பாஷை தெரியாது. ஆகவே பொதுவில் இங்கிலீஷ். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. வியாழனில் உட்கார்ந்துகொண்டு சனி பிடிப்பது எங்கள் குடும்பத்துக்குத்தான் நடக்கும்.

கேட்பறை என்பது நாற்பது மீட்டர் ஆழக் கிணற்றின் அடியில் இருக்கும் ஒரு பெட்டி. உள்ளே நடுக்கமானி பனியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்குத் தொந்தரவு ஆகக் கூடாது என்று அறை முழுவதையும் ரப்பரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே கத்தினால் வெளியே போகாது. இங்கிலீஷைத் திட்டுவதற்கு இதைவிடத் தோதான இடம் சூரியக் குடும்பத்திலேயே இல்லை.


நாள் 399 | 14.30 | என் படுக்கை

மூன்றாம் நிலை இயக்குநர் தேர்வு, இரண்டாவது தடவை. செய்முறை: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பதிவு எழுதுதல்: ஃபெயில். எழுத்துப்பிழை எழுபத்தொன்று.

எழுபத்தொன்றும் என் பிழையா? ஓ, யூ, ஜி, ஹெச் என்று நாலு பேர் சேர்ந்து நின்றால் என்ன சத்தம் போடுவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு சொல்லில் இருமுகிறார்கள், ஒரு சொல்லில் ஊதுகிறார்கள், ஒரு சொல்லில் வாயை மூடிக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். நைஃப் என்று எழுதினால் முன்னால் ஒரு கே. கத்தி கையில் கிடைத்தால் முதல் வெட்டு அவனுக்குத்தான். சைக்காலஜியின் வாசலில் ஒரு பீ உட்கார்ந்திருக்கிறான், வாட்ச்மேன் மாதிரி. கேட்டால் நான் கிரீக் ஆள் என்கிறான்.

தமிழ் மட்டும் யோக்கியமா என்று கேட்காதீர்கள். ஒரே 'க'வை வைத்துக் காகம், தங்கம், பகல் என்று மூன்று வேலை வாங்குகிறோம். ஆனால் வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொல்லக் கூடாது.

என் முடிவு: நான் தோற்கவில்லை, இங்கிலீஷ்தான் தோற்றது. ஆகவே அதற்குப் புது எழுத்து செய்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் செய்து பத்து வாரம் ஆகிறது, தேர்வுத் தாளில் மட்டும்தான் போடவில்லை. மொத்தம் முப்பத்தாறு. ஒரு சத்தத்துக்கு ஒரு எழுத்து, ஒரு எழுத்துக்கு ஒரு சத்தம், சும்மா உட்கார யாருக்கும் அனுமதி இல்லை. 'ஷ்' சத்தத்துக்கு உதட்டில் விரல் வைத்த படம். பல்லுக்கு நடுவே நாக்கு வரும் சத்தம் இரண்டுக்கும் இரண்டு நாக்கு, ஒன்று ஒல்லி, ஒன்று கொழுப்பு. வீ, டபிள்யூ இரண்டுக்கும் ஒரே எழுத்து. நான் சொல்லும்போது இரண்டும் ஒன்றுதான், எதற்கு ரெண்டு பேருக்குச் சோறு. 'ழ'வுக்கு வேலை கிடைக்கவில்லை, வருத்தம்தான்.

எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று தமிழில் ஒரு அட்டவணை எழுதிப் படுக்கையின் மேல்கூரையில் ஒட்டியிருக்கிறேன். ஒதியாம்போ அங்கிள் பார்த்துவிட்டு, என்ன பூச்சி இது, மருந்து அடிக்கட்டுமா என்று கேட்டார்.


நாள் 405 | 08.00 | சமையல் மேசை

திங்கட்கிழமை. பொறுப்பு மாற்றம்.

இங்கே ஒரு வழக்கம். வேலை முடித்துப் போகிறவர் பொறுப்புப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும், மற்ற இரண்டு பேரும் கேட்க வேண்டும், பிறகு அங்கிள் கையெழுத்து. ஆரம்பித்து வைத்தது அப்பா. அவர் கையில் எப்போதும் கிரீஸ், புத்தகத்தைத் தொட்டால் பக்கம் நாசம். "நீ படி, நான் கேக்கேன்" என்பார். ஆறு வருஷமாக இதுதான் ஓடுகிறது. அதனால் புத்தகத்தை எழுதுகிற ஆளைத் தவிர வேறு யாரும் திறப்பதில்லை. அங்கிள் காபியை ஊதிக்கொண்டே கடைசிப் பக்கத்தில் கிறுக்குவார்.

கிணற்றின் பொறுப்பு முழுக்க என்னுடையது. குழாய்ப் பாதைக்குள் நுழையும் அளவு நான் ஒருத்திதான் இருக்கிறேன். பத்து வாரம் முன்பு இரண்டாம் வால்வு உடைந்தபோது நான்தான் தவழ்ந்து போய்க் குழாய்களை மாற்றிப் பூட்டினேன். நிலையக் கையேட்டில் இருக்கிற படம் இப்போது செல்லாது. புதுப் படமும், கிணற்றில் தண்ணீர் ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்கிற அவசரப் பக்கமும் என் புத்தகத்தில் இருக்கின்றன. வாரம் ஒரு தடவை அதையும் படித்துக்காட்டுகிறேன்.

எல்லாம் என் முப்பத்தாறு எழுத்தில். வாயில் வருவது நல்ல இங்கிலீஷ்தானே, தாளில் என்ன இருந்தால் யாருக்கு என்ன? பத்து வாரம், பத்துக் கையெழுத்து. கிணற்றுக்குள் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன்.


நாள் 412 | 10.50 | கேட்பறை

வடிகட்டி மாற்ற இறங்கினேன். கதவை மூடிய இரண்டாவது நிமிஷம் மேலே ஏதோ வெடித்தது. முதலாம் பம்பின் குழாய் என்று நினைக்கிறேன். கிணறு முழுக்கத் தண்ணீர் கொட்டிவிட்டது. கண்ணாடி வழியே வெளியே வெறும் தண்ணீர், விளக்கு வெளிச்சத்தில் குமிழி. கதவு திறக்காது. வெளிநோக்கித் திறக்கும் கதவு, நாற்பது மீட்டர்த் தண்ணீர் சாய்ந்து நிற்கிறது.

காற்று: ஆறு மணி நேரத்துக்கு. வெப்பம்: நான்கு டிகிரி.

நடுக்கமானியைத் தட்டினால் மேலே திரையில் தெரியும் என்று முதலில் அதைத்தான் தட்டினேன். 'இணைப்பு இல்லை.' கம்பி அறுந்துவிட்டது. சுவரில் இருக்கும் ஸ்பீக்கர் பழைய கம்பியில் ஓடுகிறது, அது பிழைத்திருக்கிறது. மேலே பேசினால் எனக்குக் கேட்கும். நான் பேச வேண்டுமானால் விண்வெளி உடையின் மைக்கை இங்கே செருக வேண்டும்.

இந்த உடையில் மைக் இல்லை.

மைக் ஒதியாம்போ அங்கிளின் கட்டிலுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. மூன்று நாள் முன்பு அவர் குறட்டையைப் பதிவு செய்து காலை அலாரமாக வைத்தேன். நல்ல வரவேற்பு. திரும்பக் கழற்ற மறந்துவிட்டேன்.

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிகிறது. பிறகு சிரிக்கிறேன்.


நாள் 412 | 11.25

மேலிருந்து, அப்பா: "ஏட்டி ராக்கினி. கேக்குதா. ஒரு சத்தம் குடு."

கொடுத்தேன். அறை முழுவதும் சத்தம். ரப்பர் எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

மேலிருந்து, அப்பா: "பேசுற பொத்தான்ல டேப்பு ஒட்டிட்டேன். நாங்க பேசுறது எல்லாம் உனக்குக் கேட்டுட்டே இருக்கும். பயப்படாத, என்ன?"

பிறகு அங்கிளிடம் இங்கிலீஷில், காற்று எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். ஐந்தரை மணி நேரம் என்றார் அங்கிள். கானிமீடில் இருக்கும் தலைமையகத்தைக் கேட்கலாமா என்றார் அப்பா. கானிமீடு வியாழனுக்குப் பின்னால் போய்விட்டது, இன்னும் பதினாலு மணி நேரத்துக்கு அங்கிருந்து குரல் வராது என்றார் அங்கிள்.

(அங்கிள் பேசுவதும், அப்பா அவரிடம் பேசுவதும் இங்கிலீஷ். நான் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷை எந்த எழுத்திலும் எழுத எனக்கு இப்போது தைரியம் இல்லை.)


நாள் 412 | 12.05

அங்கிள் நிலையக் கையேட்டை எடுத்துவிட்டார். வரி வரியாகப் படிப்பது கேட்கிறது. படத்தில் இருக்கிறபடி நாலாம் வால்வைத் திறக்கப் போகிறார்.

நாலாம் வால்வு இப்போது என் அறையின் காற்றுக்குழாயில் இருக்கிறது. நான்தான் மாற்றினேன்.

கத்தினேன். ஸ்பேனரால் சுவரை அடித்தேன். ஸ்பீக்கரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன்.

தண்ணீர் வந்தது. கூரையில் இருக்கும் ஓட்டையிலிருந்து, சில்லென்று, கைப்பிடி மொத்தத்துக்கு. கணுக்கால் வரை ஏறியது. நின்றது.

மேலிருந்து, அப்பா: "மூடுங்க சார், மூடுங்க. தப்பான அழுத்த முள்ளுல்லா ஏறுது. குழாய் அங்க போகல."

மேலிருந்து, ஒதியாம்போ: "அவள் பாதையை மாற்றினாள். நான் அனுமதி கொடுத்தேன். புத்தகத்தில் எழுதியிருக்கிறாள்."

எழுதியிருக்கிறேன். சந்தோஷமா?


நாள் 412 | 12.30

புத்தகம் திறக்கும் சத்தம் கேட்டது. பக்கம் பக்கமாகப் புரட்டும் சத்தம். பிறகு இது.

மேலிருந்து, ஒதியாம்போ: "இது என்ன."

மேலிருந்து, அப்பா: "படிங்க சார்."

மேலிருந்து, ஒதியாம்போ: "என்னால் படிக்க முடியவில்லை."

மேலிருந்து, அப்பா: "நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

மேலிருந்து, ஒதியாம்போ: "அவள் வாசித்தாள். நான் போட்டேன்."

இதுவரை என் குறும்புக்குக் கிடைத்ததிலேயே பெரிய வெற்றி இதுதான். தண்ணீரில் நின்றுகொண்டு ரசிக்கிறேன்.


நாள் 412 | 13.15

அங்கிள் முயற்சி செய்கிறார். கெட்டிக்காரர்தான், ஆனால் நான் பழைய எழுத்துகளில் பாதிக்கு வேறு வேலை கொடுத்துவிட்டேன். எக்ஸ் என் ஊரில் எக்ஸ் இல்லை, சீ சீ இல்லை. அவர் படிப்பது யாரோ பல் விளக்கிக்கொண்டே சண்டை போடுவது மாதிரி இருக்கிறது. அவர் வாயில் இங்கிலீஷ் வேறு மாதிரி உருளும். நான் எழுதிய சத்தம் அவர் வாய்க்குள் அமரவே இல்லை. ஒரு சொல்லைப் பிடித்துவிட்டு, 'திற' என்றும் இருக்கலாம், 'மேலே' என்றும் இருக்கலாம் என்கிறார். பாதிச் சொல்லை வைத்து வால்வைத் திருக மாட்டேன் என்கிறார். சரிதான்.

நிலையக் கணினியில் ஒரு வரியை அடித்துப் பார்த்தார்கள். அது இருநூற்றுப் பதினாலு பிழை என்றது. என் 'வால்வு'க்கு அது தந்த யோசனை: ஓநாய்கள். அப்பா சத்தமாக, ஓநாயாவது ஒண்ணாவது, அந்தச் சனியனை அணை என்றார்.

தேர்வில் எழுபத்தொன்று. இங்கே இருநூற்றுப் பதினாலு. முன்னேறியிருக்கிறேன்.

காற்று: மூன்றரை மணி நேரம். கால் விரல் தெரியவில்லை. இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இருக்கிறது.

என் அட்டவணை என் கூரையில் இருக்கு. ரெண்டு பேருக்கும் தெரியும். போய்ப் பாருங்க. போய்ப் பாருங்க. போய்ப் பாருங்க.


நாள் 412 | 13.50

போய்ப் பார்த்துவிட்டார்கள். அங்கிளுக்குத்தான் ஞாபகம் வந்தது, பூச்சி என்று சொன்னவருக்கு. கிழித்து எடுத்து வந்திருக்கிறார்.

மேலிருந்து, ஒதியாம்போ: "பக்கத்தில் எழுதியிருப்பது உங்கள் தமிழ் எழுத்து, இன்னாசி. எனக்கு இதுவும் பூச்சிதான். நீங்கள் படியுங்கள்."

மேலிருந்து, அப்பா: "கையில கிரீஸ் இருக்கு சார். நான் ஒண்ணொண்ணா என்ன சத்தம்னு சொல்லுதேன். நீங்களே படிங்க."

துளைக்கருவி நின்று இரண்டு நாள் ஆகிறது. நேற்று மத்தியானம் அப்பா என் தலையில் கை வைத்து முடியைக் கலைத்தார். அந்தக் கையில் கிரீஸ் இல்லை.

இப்போது யோசிக்கிறேன், அந்தக் கை எந்தத் தாளையாவது தொட்டு நான் பார்த்திருக்கிறேனா என்று. தமிழ்ப் பத்திரிகை வந்தால் ஒரு வரி விடாமல் படிப்பார், விளம்பரம் உட்பட. இங்கிலீஷில் எது வந்தாலும் கிரீஸ். மருந்துச் சீட்டு, கிரீஸ். என் தேர்வு முடிவு வந்தபோதுகூட, "என்னட்டி போட்டிருக்கான், படி, கையில கிரீஸ்." ஃபெயில் என்பதை நானே அவருக்குப் படித்துக்காட்டினேன். பரவால்லட்டி என்று மட்டும் சொன்னார். எவ்வளவு நல்ல அப்பா, திட்டவே இல்லை என்று நினைத்தேன்.

அப்போ சத்தமாகப் படித்துக்காட்டும் வழக்கம்.

அப்பா. ஆறு வருஷம்.


நாள் 412 | 14.00

மேலிருந்து, ஒதியாம்போ: "கருவி நின்று இரண்டு நாளாகிறது, இன்னாசி."

ஸ்பீக்கர் இரைந்துகொண்டிருந்தது.

மேலிருந்து, அப்பா: "எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது சார். பேச்சு வரும். துளைக்கிற ரிக்குல பதினஞ்சு வயசுல ஏறினேன், வாயால பழகினதுதான். எழுத்துப் பரீட்சை வரதுக்கு முந்தியே வேலைக்கு வந்துட்டேன். பிள்ளைக்குத் தெரியாது. இப்பக் கேட்டுட்டு இருக்கும், கீழ."

மேலிருந்து, ஒதியாம்போ: "இது எனக்கு இங்கிலீஷாகவே தெரியவில்லை. பயப்படாமல் உட்காருங்கள்."

நாற்காலி இழுக்கும் சத்தம்.

எனக்கு மூக்கு ஒழுகுகிறது. குளிர்தான்.


நாள் 412 | 14.20

அப்பா படிக்கிறார்.

எழுத்தைப் பார்க்கிறார், அட்டவணையைப் பார்க்கிறார், தமிழில் சத்தம் போடுகிறார். 'க்'. 'ளோ'. 'ஸ்'. பிறகு மூன்றையும் ஒட்டிச் சொல்கிறார். சொன்னதும் சின்னதாக ஒரு சிரிப்பு: "இது நான் பேசுறதுல்லா சார். இப்படியேதான் நான் சொல்லுவேன்."

ஆமாம். எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாய் அதுதானே. எல்லாருடைய இங்கிலீஷையும் சரிசெய்கிறேன் என்று கிளம்பி, ஒரே ஒரு ஆளின் இங்கிலீஷை எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஆள் அதைத் திறந்தே பார்த்ததில்லை.

முதல் வரி முடிந்தது: பம்பு நிறுத்து. இரண்டாவது: முதலாம் வால்வு மூடு. மூன்றாவது: கிணற்று வாயைச் சுற்றிய வளைய ஹீட்டர், குறைந்த சூடு. ஒரு வரிக்கு ஐந்து நிமிஷம் ஆகிறது. ஆகட்டும். அங்கிள் திரும்பச் சொல்கிறார், அப்பா சரி என்கிறார், பிறகுதான் கை வைக்கிறார்கள்.

நாலாவது வரி: நாற்பது நிமிஷம் காத்திரு. மேலே உறைந்த பனி மூடி இளக வேண்டும்.

காற்று: இரண்டரை மணி நேரம். போதும். கணக்காகப் போதும்.


நாள் 412 | 14.45

இல்லை.

ஆறாவது வரி.

கண்டெடுப்பவரே, இதை எழுதாமல் இருக்க முடியாது. போன மாதம் அவசரப் பக்கத்தைச் சுத்தப் பிரதி எடுத்தேன். அப்போது ஐந்தாவது வரிக்குக் கீழே நானே ஒரு வரி சேர்த்தேன். நாலாம் வால்வு, ஐந்தாம் வால்வு இரண்டையும் முழுசாகத் திற என்று. அப்படிச் செய்தால் கிணற்றுத் தண்ணீர் மொத்தமும் கேட்பறைக்குள் இறங்கும். படித்துக்காட்டும்போது அந்த வரியை மட்டும் தாண்டிவிடுவேன். அங்கிள் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு நாள் எடுத்துக் காட்டி, 'பாருங்கள், என்னைக் கொல்லச் சொல்லி எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறீர்கள்' என்று மானத்தை வாங்க வேண்டும் என்று திட்டம்.

பக்கத்தில் ஒரு சிரிப்புப் படம்கூடப் போடவில்லை. நல்ல குறும்பு முகத்தைச் சுளிக்காது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். மற்ற வரிகள் மாதிரியே எழுதினேன். அதே மை, அதே சாய்வு, அதே ஒழுங்கு. என் வாழ்க்கையிலேயே அழகான கையெழுத்தில் எழுதியது அந்த வரியைத்தான்.


நாள் 412 | 15.10

காத்திருக்கிறார்கள். அப்பா என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார். மேலே வந்ததும் மீன் குழம்பு, டப்பாவில் இருக்கும் மீன் பொடியில் வைத்ததானாலும் பரவாயில்லை என்கிறார். அட்டவணையில் 'ழ'வைத் தேடினாராம், காணோமாம், ஏன் விட்டேன் என்று கேட்கிறார்.

அப்பா அந்த வரியைப் படிக்காதீங்க.

மைக் கட்டிலுக்கு அடியில் இருக்கு. டேப்பு நீலக் கலர்.

நடுக்கமானியைப் பிரித்தேன். அறுந்த கம்பி சுவருக்கு வெளியே இருக்கிறது, எட்டாது. காற்றுக்குழாய் ஓட்டையைத் துணியால் அடைத்தேன். உடையின் கையுறை, உள் பனியன், வடிகட்டிப் பஞ்சு. வால்வு முழுசாகத் திறந்தால் இது துப்பிவிடும், எனக்கே தெரியும். பிறகு எதற்கு அடைக்கிறேன் என்று கேட்காதீர்கள்.


நாள் 412 | 15.32

ஐந்தாவது வரி முடிஞ்சுது. மூணாம் வால்வு பாதி.

இப்ப ஆறு. அப்பா படிக்கிறார். 'ஓ'. 'ப்ப'. 'ன்'. எவ்வளவு நல்லா படிக்கிறார் பாருங்க. வேகம் வந்துருச்சு.


நாள் 412 | 15.36

மேலிருந்து, ஒதியாம்போ: "நாலு, ஐந்து, இரண்டும் முழுமையாக. சரியா?"

மேலிருந்து, அப்பா: "அப்படித்தான் எழுதியிருக்கு."

மேலிருந்து, ஒதியாம்போ: "கையேட்டிலும் நாலுதான் இருந்தது. ஒருவேளை இப்போதுதான் அதற்கு நேரம். திறக்கிறேன்."

மேலிருந்து, அப்பா: "இரிங்க சார்."

மேலிருந்து, ஒதியாம்போ: "ஏன்?"

மேலிருந்து, அப்பா: "இந்த வரியை நான் கேட்டதில்ல."

அங்கிள் அவசரப்படுகிறார். எழுதியது அவள், கையெழுத்து நான், நம்மிடம் வேறு எதுவும் இல்லை, நேரம் போகிறது என்கிறார். குரல் உடைகிறது. இதுவரை அவர் குரல் உடைந்து கேட்டதில்லை, குறட்டையில் தவிர.

மேலிருந்து, அப்பா: "நீங்க கையெழுத்துப் போடுறீங்க சார். நான் என்ன செய்யுதேன்? எனக்குக் காது மட்டும்தான். பத்து வாரமா திங்கக்கிழம திங்கக்கிழம அவ படிக்கா, நான் கேக்கேன். தானா சொல்லச் சொன்னா ஒரு வரி வராது. ஆனா கேட்டா, ஆமா இது அவ சொன்னதுன்னு தெரியும். மேல உள்ள அஞ்சும் தெரிஞ்சுது. இது தெரியல. இது அவ வாயில வந்ததே இல்ல."

மேலிருந்து, ஒதியாம்போ: "நீங்கள் மறந்திருந்தால்?"

மேலிருந்து, அப்பா: "மறந்திருந்தா எம்பிள்ள போயிரும்."

எண்ணினேன். நாற்பத்தொன்று வரைக்கும் எண்ணினேன்.

மேலிருந்து, அப்பா, தமிழில், எனக்கு: "ஏட்டி. ஆறாவது வரியை விட்டுட்டு ஏழுக்குப் போறேன். இது உன் சேட்டைன்னு வச்சுக்கிடுதேன். சேட்டையாத்தான் இருக்கணும், என்ன?"

ஆமா அப்பா. ஆமா. சேட்டைதான்.


நாள் 412 | 16.05

ஏழு முடிஞ்சுது. ரெண்டாம் பம்பு எதிர்த் திசையில் ஓடுது, தரையில அதிர்வு தெரியல, கண்ணாடியில தெரியுது, குமிழி எல்லாம் மேல போறதுக்குப் பதிலா ஒரு பக்கமா சாயுது.

எட்டுதான் கடைசி வரி. ரொம்ப நீளமான வரி. என் புத்தி. ஐந்தாம் வால்வைக் கால் சுற்றாகக் கால் சுற்றாக, ஒவ்வொரு கால் சுற்றுக்கும் எவ்வளவு நேரம், முள் எங்கே நிக்கணும், எல்லாத்தையும் ஒரே வரியில எழுதித் தொலைச்சிருக்கேன். கமா கிடையாது. முப்பத்தாறு எழுத்து கண்டுபிடிச்சவளுக்குக் கமா கண்டுபிடிக்கத் தோணல.

காத்து: முள் சிவப்புக்குள்ள. தலை வலிக்குது. எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது.


நாள் 412 | 16.20

இறங்குது.

கண்ணாடியோட மேல் விளிம்புல கோடு. தண்ணியோட கோடு. நாற்பது மீட்டரும் போயி கடைசியில என் கண்ணுக்கு வந்துட்டு. ஒரு விரல் இறங்கிச்சு. இன்னொரு விரல்.

கதவோட கைப்பிடிக்கு இன்னும் ரெண்டு சாண். அதுக்குக் கீழ போனாத்தான் கதவு அசையும்.

அப்பா இன்னும் வரி நடுவுல. ஒவ்வொரு எழுத்தா. மூணாவது கால் சுத்துக்கு வந்துட்டார். அங்கிள் அவசரப்படுத்தாம கேட்டுட்டு இருக்கார், நல்ல மனுஷன், குறட்டைக்கு மன்னிப்பு கேக்கணும்.


நாள் 412

ஒரு சாண்

மெழுகு மாதிரி இருக்கு கை

அப்பா ஒரு எழுத்துல நின்னுட்டார். ஒல்லி நாக்கா கொழுப்பு நாக்கான்னு அங்கிள்ட்ட கேக்கார். எதுனாலும் ஒண்ணுதான் அப்பா, சொல்லிட்டுப் போங்க. இல்ல வேண்டாம். சரியாப் பாருங்க. மெதுவாப் படிங்க அப்பா, தப்பாப் படிச்சிராதீங்க, மெதுவா, ஆனா கொஞ்சம் சீக்கி